கலங்கலில் ஓர் அலை

புயலுக்கு முன்பே பலகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மரக்காணத்துக்குத் தெற்கே, என் மாமியாரின் குப்பத்தில், அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கு அதுதான் பெயர். சென்னையிலிருந்து காரின் தலையில் பலகையைக் கட்டிக்கொண்டு வருவார்கள். மற்ற நாட்களில் ஐந்தாறு பேர் வந்தால் அதிகம். இப்போது சவுக்குத் தோப்பு முழுக்கக் கார்கள்.

நான் போய் இறங்கியபோது குப்பத்தில் இரண்டு வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்தன. மீனவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்தார்கள். பலகைக்காரர்கள், கால் வழுக்காமல் இருக்க, பலகைகளுக்கு மெழுகு தேய்த்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே கன்னியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்திருந்தன. ஒரு தரப்பு புயல் வரக்கூடாது என்று, இன்னொரு தரப்பு வந்தே தீர வேண்டும் என்று. பூசாரி இரண்டு தட்டிலும் குங்குமம் வைத்துக் கொடுத்திருந்தார்.

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்தது. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணை உயர்த்தியிருக்கிறார்கள் என்று சொன்னது. தோப்புக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது. ஆட்டோவில் இருந்த அலுவலர் தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையை உயர்த்திக் காட்டினார்.

என்னை வரச் சொன்னது தேவகி அத்தை. என் மாமியார். திண்டிவனம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர்.

"மாப்ள, சுகுமாரை உங்கூருக்கு இட்டுக்கினு போயிடுங்க" என்று போனில் சொல்லியிருந்தார். "நான் சொன்னா கேக்க மாட்டான். புயலு வர்ற கடல்ல எறங்கணுமாம். அக்கா ஊட்டுக்காரர்னா உங்க மேல ஒரு மட்டு மரியாதை வெச்சிருக்கான். எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான், மாப்ள."

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தேவயானி, என் மனைவி. போன மழைக்காலத்தில் டெங்குவில் இறந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய டயரில் தேங்கிய மழைநீர்தான் காரணம் என்று சுகாதாரத் துறை ஆள் சொன்னார். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு அரை வாளித் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

இளையவன் சுகுமார். சென்னைக்காரர்களுக்கு அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறான். அந்தக் கடலில் வருஷம் முழுக்க இடுப்பளவு அலைதான். புயலுக்கு முந்தைய நாள் மட்டும் ஆள் உயரத்துக்கு எழும்பும். அதில் ஒன்றையாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவனுக்கு நீண்ட நாள் ஆசை.

வீட்டுக்குள் போனேன். அத்தை சுகுமாரின் அலைச்சறுக்குப் பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிடுவார். மாப்பிள்ளை முன்னால் உட்காரக் கூடாதாம். அன்று எழவில்லை. முந்தானையை மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மாப்ள. எழுந்தா தூக்கிக்கினு ஓடிருவான்."

"காலைலருந்து இப்படியே கீது மாமா" என்றான் சுகுமார். "பாத்ரூம் போச்சுன்னா எடுத்துக்கலாம்னு பாக்கறேன். போவவே மாட்டேங்குது."

"கிளம்பு" என்றேன்.

"மாமா, ரங்கா அண்ணன் சொல்றாரு, இந்த மாதிரி ஸ்வெல்லு, அதான் பெரிய அலை, பத்து வருஷத்துக்கு ஒருக்காதான் வருமாம்."

ரங்கா என்பது அரங்கநாதன். சென்னையில் கணினி வேலை. பலகைக்காரர்களுக்குத் தலைவர் மாதிரி. அவர் போனில் இருக்கும் அலை வரைபடத்தில் கடல் முழுக்க நீலமும் சிவப்புமாக இருக்கும். எந்த அலை எப்போது வரும் என்று அலைக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

"கடல்ல எறங்கினா போலீஸ் பலகையப் புடுங்கிக்கும்" என்றேன். "எங்க ஊருக்கு வந்தா பலகையாவது மிஞ்சும்."

அரை மணி நேரம் பேசி ஓர் ஒப்பந்தம் ஆனது. பலகையும் கூட வரும். அத்தை எழுந்தார். கால் மரத்துப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டர் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாது இது? கதவா?"

"சர்ஃப் போர்டுண்ணா. அலை மேல நிக்கறது."

"எங்க போவுது?"

"மயிலம்."

"மயிலத்துல கடல் எப்பப்பா வந்துச்சு?"

பஸ் சிரித்தது. பின்சீட்டில் பலகையைப் படுக்க வைத்தோம். பெரமண்டூரில் ஏறிய ஒரு அம்மா கூடையோடு அதன் மேல் உட்கார்ந்துவிட்டார். சுகுமார் எழுந்திருக்கச் சொன்னான். "நிக்கலாம்ன்ற, உக்காரக் கூடாதா?" என்று கேட்டார். திண்டிவனம் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

திண்டிவனத்தில் தூறல் ஆரம்பித்திருந்தது. கடலோரத்திலிருந்து நிறையப் பேர் சொந்தக்காரர் வீடுகளுக்கு மூட்டையோடு வந்து இறங்கினார்கள். இங்கே என்ன ஆகப்போகிறது, கடலா இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊர் மயிலத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை, கேப்பை, ஓர் ஏரி. பக்கத்து வீட்டில் பெரியப்பா தாண்டவராயன், பெரியம்மா லட்சுமியம்மாள், அவர்கள் மகன் வல்லரசு. தேவயானி போன பிறகு சாப்பாடு அங்கிருந்துதான் வருகிறது. நான் மயிலம் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் துறையில் பாடம் எடுக்கிறேன். பாடம் ஹைட்ராலிக்ஸ். தண்ணீர் எப்படி ஓடும் என்பது.

மழை பிடித்தது. கரண்ட் போனது. சுகுமார் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். ரங்காவிடமிருந்து ஒவ்வொரு செய்தியும் முந்தையதைவிடச் சின்னதாக வந்தது. புயல் கரைக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. காற்று கடலிலிருந்து கரையைப் பார்த்து அடித்ததில் அலைகள் எழும்புவதற்குள் உடைந்து நுரையாகிவிட்டன. ஏறுகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. போலீஸ் எல்லோரையும் தோப்பிலிருந்து கிளப்பியது. பத்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் அலை கடைசியில் வரவே இல்லை.

சுகுமார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். இதோடு முடிந்தது, அத்தையிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

"எங்க ஏரி கோடி போகப்போகுது" என்றேன்.

"அப்படின்னா?"

ஏரி நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வழிவதற்குக் கரையின் ஒரு பக்கம் தாழ்வாகக் கல்லால் கட்டியிருப்பார்கள். அதுதான் கலங்கல். அதன் மேல் தண்ணீர் போவதைக் கோடி போவது என்போம். சரிவில் வேகமாக இறங்கும் தண்ணீர் அடியில் மெதுவான தண்ணீரில் மோதும். மோதி மேலே எழும்பும். அங்கே ஓர் அலை உண்டாகும். கடல் அலை மாதிரி கரைக்குப் போகாது. அதே இடத்தில் நிற்கும். தண்ணீர் வருகிற வரை நிற்கும்.

ஈரத் தரையில் விரலால் வரைந்து காட்டினேன். அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"எவ்ளோ நேரம் நிக்கும்?"

"ஏரி வடியற வரைக்கும். ஒரு வாரம்கூட."

"ஒரே அலையா? ஒரு வாரமா?"

மேலே தண்ணீர் பின்னோக்கிச் சுருளும், விழுந்தவனை அது கலங்கல் பக்கமே இழுக்கும், வெளியே விடாது என்பதையும் சொன்னேன். அம்புக்குறி போட்டே சொன்னேன். வகுப்பிலும் இப்படித்தான். மாணவர்கள் முதல் பாதியோடு எழுந்து போய்விடுவார்கள். தேவயானி போன பிறகு நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான். பேசி முடித்த பிறகுதான் அது தெரிந்தது.

"அம்மா கடல்ல எறங்கக் கூடாதுன்னுதான மாமா சொல்லுச்சு?" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. ஓர் ஆசிரியர் என்ற முறையில் எனக்கும் அந்த அலையைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பதினோரு வருஷமாகக் கரும்பலகையில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் விடிந்தபோது ஏரி கோடி போய்க்கொண்டிருந்தது. மழை நின்றிருந்தது. ரோடு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. ஊரே கலங்கலில் இருந்தது. கோடி போனால் ஏரிக்கரைக் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்து, கிடா வெட்டி, ஓடுகிற தண்ணீரில் பூவும் மஞ்சளும் விட வேண்டும். அது முடியும் வரை யாரும் அந்தத் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது.

சுகுமார் பலகையை எடுக்கப் போனவன் அலறினான்.

பெரியம்மா அதைக் கிணற்றடியில் சாய்த்து வைத்திருந்தார். கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"இன்னா தம்பி கத்தற? பிசுக்குப் பிசுக்குன்னு ஒரே அழுக்கு. விருந்தாடி சாமானாச்சேன்னு தேங்கா நாரு போட்டு, சோப்பு போட்டு, சுடுதண்ணி ஊத்தித் தேய்ச்சேன். ரெண்டு கையும் விட்டுப்போச்சு."

"அது மெழுகு பெரிம்மா! அது இல்லன்னா கால் நிக்காது!"

"மெழுகுதானே? இதுக்கா அழுவற?"

உள்ளே போய்க் கரண்ட் இல்லாததற்கு வாங்கி வைத்திருந்த மெழுகுவத்தி முழுவதையும் கொண்டுவந்து கொடுத்தார். சுகுமார் எல்லாவற்றையும் பலகையில் தேய்த்தான். அன்று சாயங்காலம் வீடு இருட்டாக இருக்கும் என்று வல்லரசு முணுமுணுத்தான்.

கலங்கலில் சுகுமாரைக் கண்டதும் கூட்டம் வழி விட்டது. உடம்போடு ஒட்டிய கறுப்புச் சட்டை, அதே மாதிரி கால்சட்டை, கையில் பலகை. பேரிடர் மீட்பு ஆளை வாத்தியார் வரவழைத்திருக்கிறார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவனுக்கு முதல் பொங்கல் கிடைத்தது. ஒரு பெண் பலகைக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். இன்னொருத்தி தன் வீட்டுக்குள் தண்ணீர் வந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

அலை நான் வரைந்த இடத்தில் நின்றது. இடுப்புயரம். பழுப்பு நிறம். நுரை மேலிருந்து பின்னால் உருண்டு விழுந்துகொண்டே இருந்தது. பாடப்புத்தகத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

"மாமா" என்றான் சுகுமார். "இது ஓடவே ஓடாதா?"

"ஓடாது."

பலகையிலிருந்து வந்த கயிற்றின் பட்டையைக் கணுக்காலில் சுற்றி ஒட்டினான். கடலில் விழுந்தால் பலகை ஓடிப்போகாமல் இருக்க எல்லோரும் கட்டுவது.

"இங்க அது வேணாம்" என்றேன்.

"இது இல்லாம எறங்கினதே இல்ல மாமா. பலகை இருந்தா மெதப்போம்."

நான் இன்னொரு முறை சொல்லியிருக்க வேண்டும். பூ விட்டார்கள், மஞ்சள் விட்டார்கள். அவன் ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏறி, கலங்கலைப் பார்த்து முகத்தை வைத்து, கையை விட்டான்.

நின்றான்.

தண்ணீர் அவனுக்குக் கீழே பறந்தது. அவன் நகரவில்லை. முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது. முகத்தில் ஒரு சிரிப்பு. தேவயானி சிரித்தால் அவளுக்கும் இப்படித்தான் ஒரு பக்கம் உதடு ஏறும்.

ஊர் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது.

"எப்பப்பா கிளம்புவான்?" என்றார் பெரியப்பா.

"அவ்வளவுதான் பெரியப்பா. நிக்கறதுதான்."

"நின்ன எடத்துலயே நிக்கறதுக்கா இவ்வளவு ஏற்பாடு? நான் வரப்பு மேல தினம் நிக்கறேன், எனக்கு யாரும் பொட்டு வெக்கல."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று வல்லரசு பிறகு சொன்னான். சிரித்து முடிப்பதற்குள் சுகுமார் விழுந்தான்.

கடலில் விழுந்தால் அலை ஆளைக் கரைக்குத் தள்ளும். அவனுக்குத் தெரிந்த தண்ணீர் அது. இங்கே பலகை மேலே வந்தது. அவன் தலை வந்தது. சுருள் இரண்டையும் கலங்கல் பக்கம் இழுத்து, உள்ளே அமுக்கியது. மறுபடி பலகை வந்தது. மறுபடி தலை. வாய் திறந்திருந்தது. மூன்றாம் முறை பலகை மட்டும் வந்தது.

"மீட்பு ஆளையே மீக்கணுமாடா!" என்று யாரோ கத்தினார்கள்.

வல்லரசு டிராக்டரில் இருந்த கயிற்றோடு ஓடி வந்தான். நான் அதைப் பிடுங்கி இடுப்பில் கட்டினேன். "தமிழு, நான் எறங்கறேன்டா, நீ உடு" என்றான் என்னிடம். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டேன்.

உள்ளே மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. நான் போட்ட அம்புக்குறி எதுவும் அங்கே இல்லை. காதுக்குள் லாரி ஓடியது. பலகை என் தோளில் அடித்தது. அதைப் பிடித்தேன். பலகையிலிருந்து கயிறு. கயிற்றின் முனையில் கால். மேலே மிதக்கும் பலகை சுருளைவிட்டுப் போகவில்லை. அதனால் அவனையும் விடவில்லை. பட்டையைப் பிடித்து இழுத்தேன். பிய்ந்து வந்தது. அவன் காலைக் கட்டிக்கொண்டு காற்றை விட்டேன். மேலே போக வேண்டும் என்று உடம்பு சொன்னது. அடியில் ஓடும் தண்ணீர்தான் வெளியே போகும் என்று பாடம் சொன்னது. கீழே போனேன்.

தண்ணீர் எங்களை எடுத்துக்கொண்டு போய்த் துப்பியது. கயிறு இடுப்பை அறுத்தது. வல்லரசும் இன்னும் சிலரும் இழுத்தார்கள். தண்ணீர் பரவிய ஒரு மல்லாட்டைக் கொல்லையில் கிடந்தோம்.

சுகுமாரைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார்கள். பழுப்புத் தண்ணீர் வந்தது. பொங்கலும் வந்தது. இருமினான். தோள்பட்டை எலும்பு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டு, "நான் தேய்ச்சதாலதான் வழுக்கிச்சா, நான் தேய்ச்சதாலதான் வழுக்கிச்சா" என்று எல்லோரையும் கேட்டார்.

"மாமா" என்றான் அவன். "கால உடுங்க."

விடச் சொல்லிப் பார்த்தேன். கை கேட்கவில்லை. வல்லரசு ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

பலகை கலங்கலிலேயே இருந்தது. யாரும் இல்லாமல் அலை மேல் ஏறியது, இறங்கியது. சுகுமார் ஏறியபோது இருந்ததைவிட நிதானமாக நின்றது. ஜனம் அதைத்தான் இப்போது ரசித்துப் பார்த்தது.

பெரியப்பா என் போனை நீட்டினார். ரொம்ப நேரமாக அடிக்கிறதாம். தேவகி அத்தை.

"மாப்ள, இங்க ஒண்ணும் ஆவல. கடலு படகுகிட்டகூட வரல. கூரைதான் ரெண்டு ஓடு போச்சு. அவன அனுப்பி வையுங்க."

"ரெண்டு நாள் இருக்கட்டும் அத்தை."

"ஏன்?"

நான் சுகுமாரைப் பார்த்தேன்.

"தண்ணி பக்கம் உட்டீங்களா?"

சுகுமார் நல்ல கையை ஆட்டி, இல்லை என்று சொல்லச் சொன்னான்.

"ஆமாங்க அத்தை" என்றேன். "ஏரில விழுந்துட்டான். தோள்ல எலும்பு ஒடஞ்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. பேசறான்."

"யாரு தூக்கினா?"

"நான்தான் எறங்கினேன்."

"நீங்களா? உங்களுக்குக் கடல் நீச்சல் தெரியாதே?"

"கிணத்துல நீந்துவேன்."

அத்தை ஆரம்பித்தார். எங்கள் கல்யாணத்திலிருந்து அன்று வரை என்னை நீங்க, வாங்க தவிர வேறு மாதிரி அழைத்தவர் இல்லை.

"டேய் அறிவுகெட்டவனே! படிச்சவன்னு நம்பித்தானடா உங்கிட்ட அனுப்பினேன்? கிணத்துல நீந்துவானாம். அவன் போனா போறான், தண்ணில பொறந்தவன். நீ எதுக்குடா எறங்கின? உனுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் யாருகிட்டடா போயி நிப்பேன்? அவளயும் அனுப்பிட்டு, உங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டு, நான் ஒருத்தி இங்க மீனு வித்துக்கினு கெடப்பனாடா? பேசுடா. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"இல்லைங்க அத்தை."

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனியா?"

"டிராக்டர் வருது. மயிலம் பக்கம் ரோடு இருக்கு."

"நீயும் காட்டு. நான் வர்றேன்."

"பஸ் இல்லைங்க. திண்டிவனத்துலயே தெருவுக்குள்ள தண்ணியாம். பைபாஸ் மேலயும் போகுதாம்."

"தெரியும். அதுக்குத்தான் இங்கேருந்து படகக் கேட்டு ஆள் வந்திருக்கான். லாரில ஏத்திக்கினு கீறாங்க. ஜனத்தத் தூக்கறதுக்காம். அதுல உக்காந்துக்கினு வந்துர்றேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிய உட்டு எறங்கினீங்க, காலு இருக்காது, சொல்லிட்டேன்."

லைன் அறுந்தது.

"திட்டிச்சா?" என்றான் சுகுமார்.

"ஆமாம்."

"என்னையா?"

"என்னை."

"உங்களையா? மாப்ளையவா?" வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தான். "சும்மா சொல்லாதீங்க மாமா. இன்னா சொல்லிச்சு?"

டிராக்டர் வந்து நின்றது. அவனை வைக்கோல் மேல் படுக்க வைத்தோம். நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். பல் அடித்துக்கொண்டது. மயிலம் போய்ச் சேரும் வரை, அத்தை சொன்னதை டேயிலிருந்து ஆரம்பித்து, ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொன்னேன்.